எஃப்.எம். சிப்பில் சோனிக் இசை: மாமாவின் காது பிழையா, என் வேகம் பிழையா?

கல்லடியான் | சனி, இரவு 9.40

மூன்று வாரமாக ஒரே ஒரு பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். சேகா மெகா டிரைவ் என்ற கேம் பெட்டிக்கு 1991இல் வந்த சோனிக் கேமின் முதல் பாகம், அதன் முதல் கட்டத்து இசை. அந்தப் பெட்டிக்குள் இருந்தது யமஹாவின் ஒய்.எம்.2612 என்ற எஃப்.எம். சிப். ஃபர்னஸ் என்ற இலவச மென்பொருள் அந்தச் சிப்பைப்போலவே நடந்துகொள்ளும். அதில் ஒவ்வொரு வாத்தியத்தையும் காதால் கேட்டே கட்டினேன். கேமிலிருந்து யாரோ உருவி வைத்த தரவு எதையும் தொடவில்லை. அடிச்சுரம் வாசிக்கும் பேஸ் மட்டும் ஒன்பது நாளைத் தின்றுவிட்டது.

நேற்று முடித்து மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். 1995இல் சவூதியிலிருந்து வரும்போது அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஒரு நிமிடம் பேசாமல் கேட்டார். "எல்லாம் சரி மருமகன், ஆனால் ஏன் நாய் துரத்துகிற மாதிரி ஓடுகிறது?" என்றார்.

இணையத்தில் இருக்கும் அசல் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வேகம் இம்மியும் பிசகவில்லை. அப்படியானால் மாமாவின் காதா பிழை? அல்லது உண்மையான சிப்புக்குப் போனால்தான் அவருடைய சத்தம் கிடைக்குமா? அடுத்த மாதம் அவருடைய பள்ளிக் கூட்டாளிகள் ஒன்றுகூடுகிறார்கள். அங்கே போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாழைச்சேனை_வாசன் | சனி, இரவு 9.52

எஃப்.எம். என்றதும் சூரியன் எஃப்.எம். என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன். இது வேறு சாமானா?

ஈயப்புகை | சனி, இரவு 10.15

தம்பி, போலி போலிதான். கல்முனையில் ரி.வி. திருத்துகிற கடை வைத்திருக்கிறேன், ஒய்.எம்.2612ஐக் கையால் கழற்றி மாட்டியவன் சொல்கிறேன். (சில்லு என்று எழுதச் சொல்லி இங்கே ஒருவர் முன்பு சண்டை பிடித்தார். எங்கள் ஊரில் சில்லு என்றால் சைக்கிள் சில்லு. நான் சிப் என்றே எழுதுவேன்.)

அந்தச் சிப் ஒலியை வெளியே விடும் பகுதி 9 பிட் மட்டும், அதாவது ஒலியைக் கொஞ்சப் படிகளில்தான் அளந்து விடும். அதிலும் ஒரு குறை இருக்கிறது. அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில், நேர்ப்பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடையே ஒரு படி விடுபட்டுக் கிடக்கிறது. பெரிய சத்தத்தில் தெரியாது. ஒரு சுரம் தேய்ந்து அடங்கும்போது அதன் வால் கரகரக்கும். அந்தக் கரகரப்புத்தான் மெகா டிரைவ். பின்னால் வந்த பெட்டிகளில் ஒய்.எம்.3438 வகையைப் போட்டு அதைக் குறைத்துவிட்டார்கள். சுத்தமாக இருக்கும், சுவையாக இராது. மடிக்கணினியில் வருவது உப்பில்லாத மீன்குழம்பு. மாமாவின் காதுக்கு அது புரிந்திருக்கிறது, வார்த்தை கிடைக்காமல் வேகம் என்று சொல்லியிருக்கிறார்.

படுவான்கரை_ரீச்சர் | சனி, இரவு 11.05

வாசன், வானொலியிலும் இதிலும் கணக்கு ஒன்றுதான். ஓர் அலையின் மீடிறனை (அதிர்வெண்ணை) இன்னோர் அலை ஆட்டுகிறது. வானொலியில் ஆட்டப்படும் அலை காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். இங்கே இரண்டும் காதுக்குள் அடங்கும். மெதுவாக ஆட்டினால் பாடகரின் குரல் நடுங்குவது போலக் கேட்கும். ஆட்டும் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நடுக்கம் மறைந்து, முன்பு இல்லாத நாதம் ஒன்று எழும். ஸ்டான்ஃபோர்டில் ஜோன் சௌனிங் 1967இல் இதைக் கண்டுகொண்டது அப்படித்தான். யமஹா உரிமம் வாங்கியது; 1983இல் டி.எக்ஸ்.7 என்ற கீபோர்ட் வந்தது. அதில் ஒரு சுரத்துக்கு ஆறு ஆபரேட்டர்கள், அதாவது இப்படி ஆட்டவோ ஆட்டப்படவோ கூடிய ஆறு அலைகள். மெகா டிரைவ் சிப்பில் நான்குதான், ஒவ்வொன்றும் வெறும் சைன் அலை.

ஈயப்புகைக் காக்கா, கரகரப்பைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் "மென்பொருளில் அது இல்லை" என்பது பழைய கதை. ஒய்.எம்.3438 சிப்பின் மேலோட்டைக் கரைத்து, உள்ளே படம் பிடித்து, இணைப்புகளைப் பின்தொடர்ந்து எழுதிய நியூக்ட் என்ற நிரல் இருக்கிறது. பழைய சிப்பின் கரகரப்பையும் அதில் தெரிவுசெய்யலாம். ஃபர்னஸிலேயே அதைத் தேர்ந்தெடுக்க முடியும். கல்லடியான் எதை வைத்திருக்கிறார் என்று கேட்காமல் உப்பில்லை என்று எப்படிச் சொல்வது?

கல்லடியான் | ஞாயிறு, காலை 6.30

நியூக்ட்தான் ரீச்சர். கரகரப்பும் போட்டிருந்தேன்.

மேடைக்கீபோர்ட் | ஞாயிறு, காலை 8.10

கலியாண மேடையில் கீபோர்ட் வாசித்துப் பிழைப்பவன் நான். எனக்கு இந்த வேதனையே விளங்கவில்லை. அந்த பேஸை நாலு சுரத்தில் பதிந்து என் கீபோர்ட்டில் ஏற்றினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒன்பது நாளில் மூன்று கலியாணம் வாசித்திருக்கலாம்.

கல்லடியான் | ஞாயிறு, காலை 9.25

அண்ணன், பதிந்த சுரம் எப்போது அடித்தாலும் அதே முகத்தோடு வந்து நிற்கும். எஃப்.எம்.மில் ஓர் ஆபரேட்டர் இன்னொன்றை எவ்வளவு பலமாக ஆட்டுகிறது என்பதே சுரத்தின் நிறம். அந்தப் பலம் சுரத்துக்குள்ளேயே நேரத்தோடு ஏறி இறங்கும்.

என் பேஸில் நான்கையும் வரிசையாகக் கோத்திருக்கிறேன். ஒன்று இரண்டை ஆட்டும், இரண்டு மூன்றை, மூன்று நாலை; காதுக்கு வருவது நாலாவது மட்டும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 127 வரை ஓர் அளவு. தலைகீழ்க் கணக்கு: 0 என்றால் முழுப் பலம், எண் ஒன்று கூடினால் முக்கால் டெசிபெல் குறையும். எட்டு நாள் மூன்றாவது ஆபரேட்டர் 28இல் இருந்தது. பேஸ் றப்பர் பட்டியை இழுத்து விட்டதுபோல் "தொய்ங்" என்று நின்றது. ஒன்பதாம் நாள் 24க்கு இறக்கினேன், அவ்வளவுதான், மூன்று டெசிபெல். றப்பர் கம்பியாகிவிட்டது. அந்த நிமிடத்துக்காக மூன்று கலியாணத்தையும் விட்டுவிடலாம்.

மேடைக்கீபோர்ட் | ஞாயிறு, காலை 9.40

கலியாணம் விட்டால் வீட்டில் சோறு வராது தம்பி. அது போகட்டும். நான் அறிந்தவரை அந்தக் கேமின் மத்தளச் சத்தம் எஃப்.எம். இல்லை, பதிவுதான். சரியா?

படுவான்கரை_ரீச்சர் | ஞாயிறு, காலை 10.20

சரி. சிப்பில் ஆறு வழிகள் (சேனல்கள்), ஆறாவதை எஃப்.எம்.மிலிருந்து விடுவித்து 8 பிட் பதிவுகளை ஓட்டலாம். சோனிக்கில் முரசுகள் அப்படி வருபவை. மேலே "கிணிங்" என்று கேட்கும் மெல்லிய சத்தங்களில் சில இந்தச் சிப்பிலேயே பிறக்கவில்லை. பக்கத்தில் எஸ்.என்.76489 என்று இன்னொன்று, மூன்று சதுர அலையும் ஓர் இரைச்சலும். ஆகவே "எஃப்.எம்.தான் மெகா டிரைவ்" என்பதும் முழு உண்மை அல்ல.

காத்தான்குடி_9999 | ஞாயிறு, பகல் 12.15

மஞ்சள் கசெற்றில் 9999 கேம் என்று போட்டு ஆறே ஆறு கேம் இருக்குமே, அந்தப் பெட்டியின் பாட்டுகளும் எஃப்.எம்.தானே? கொன்ட்ரா பாட்டை இப்படிக் கட்ட ஆசை.

ஈயப்புகை | ஞாயிறு, பகல் 1.30

இல்லை தம்பி. அது நின்டெண்டோ ஃபமிகொமின் நகல். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், ஒரு பதிவு வழி. ஐந்தோடு சரி. எஃப்.எம். கொன்ட்ரா வேண்டுமென்றால் 1987இல் காசு போட்டு விளையாடும் பெரிய இயந்திரத்தில் வந்ததைத் தேடுங்கள். அதில் ஒய்.எம்.2151, எட்டு வழி.

ரீச்சர், நியூக்ட்டைப் பற்றி நான் அறியேன் என்று நினைக்கவேண்டாம். சிப்புக்குப் பிறகு பலகையில் மின்தேக்கி இருக்கிறது, வடிகட்டி இருக்கிறது, பெருக்கி இருக்கிறது. உங்கள் நிரல் சிப்பின் காலோடு நின்றுவிடும். பலகையின் சத்தத்தை யார் தருவார்?

மேடைக்கீபோர்ட் | ஞாயிறு, பகல் 2.05

இந்தச் சிப்பால் எல்லாம் முடியும் என்கிறீர்கள். மாமாங்கேஸ்வரர் கோயில் மணியை எடுங்கள் பார்க்கலாம். மணிக்கு ஆட்டும் அலைக்கும் ஒலிக்கும் அலைக்கும் இடையே முழு எண் விகிதம் உதவாது, 1.4 போல ஒன்று வேண்டும். டி.எக்ஸ்.7இல் பின்னமாக வைக்கலாம். இந்தச் சிப்பில் அரை, ஒன்று, இரண்டு என்று 15 வரை முழு எண்கள்தானே?

படுவான்கரை_ரீச்சர் | ஞாயிறு, மாலை 4.50

நல்ல கேள்வி. ஒரு வினாத்தாளில் போட்டுவிடுவேன்.

ஒலிக்கும் ஆபரேட்டருக்கு 5, ஆட்டுவதற்கு 7 வையுங்கள். ஏழை ஐந்தால் வகுத்தால் 1.4. சுரத்தை மட்டும் ஐந்து மடங்கு கீழே எழுதவேண்டும். 40 ஹேர்ட்ஸ் என்று எழுதினால் ஒலிப்பது 200, ஆட்டுவது 280. பக்கத்தில் 480, 80, 760, 360 என்று கிளைகள் முளைக்கும். எல்லாம் 40இன் மடங்குகள்தான், ஆனால் காது அந்த 40ஐப் பிடிப்பதில்லை. உலோகம் என்றே கேட்கும். சிப்பின் மூன்றாவது வழியில் நான்கு ஆபரேட்டர்களுக்கும் தனித்தனி மீடிறன் கொடுக்கும் சிறப்பு முறையும் உண்டு. அதில் எந்த விகிதமும் வைக்கலாம்.

அது கிடக்கட்டும். கல்லடியான், மாமாவின் பெட்டி பால் (PAL) தொலைக்காட்சி முறையா?

வாழைச்சேனை_வாசன் | ஞாயிறு, மாலை 4.58

பாலும் வந்துவிட்டது. இனித் தேத்தண்ணீர்தான் பாக்கி.

கல்லடியான் | ஞாயிறு, மாலை 6.10

பெட்டி இப்போது இல்லை ரீச்சர். ஆனால் அடிப்பாகத்தில் பால் என்று ஒட்டியிருந்ததாக மாமா சொல்கிறார். வீட்டுத் தொலைக்காட்சியில் நேராக ஓடியது.

படுவான்கரை_ரீச்சர் | ஞாயிறு, இரவு 7.45

அப்படியானால் மாமாவின் காதுக்கு நூற்றுக்கு நூறு.

யப்பானிலும் அமெரிக்காவிலும் தொலைக்காட்சி வினாடிக்கு 60 தடவை திரையை வரையும். நம் நாட்டில் பால் முறை, 50 தடவை. அந்தக் கால கேம்கள் இசையின் அடியை எண்ணியதே திரையின் அந்தத் துடிப்பை வைத்து. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி முன்னே. 60க்கு எழுதிய பாட்டை 50இல் ஓட்டினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 120 அடி 100 ஆகும். சில கேம்களில் பால் பதிப்புக்கென்று திருத்தம் செய்தார்கள். சோனிக் முதல் பாகத்தில் செய்யவில்லை. சுருதி மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும், ஏனென்றால் அது சிப்பின் கடிகாரத்தைப் பிடித்தது: அங்கே 7.67 மெகாஹேர்ட்ஸ், இங்கே 7.60. ஓர் அரைச்சுரத்தின் ஆறில் ஒரு பங்கு இறக்கம்.

இணையத்தில் "அசல்" என்று கிடப்பது 60. உங்கள் வீட்டில் ஓடியது 50.

ஈயப்புகை | ஞாயிறு, இரவு 8.30

இதைச் சொல்ல மறந்ததற்கு என்னை நானே அடிக்கவேண்டும். ஆனாலும் ஒத்துக்கொள்ளமாட்டேன். இசையமைப்பாளர் மசாதோ நகமுரா அந்தப் பாட்டை எந்த வேகத்தில் நினைத்தாரோ அதுதான் பாட்டு. நாடாவின் பற்றரி இறங்கி இழுத்தால் அதையும் ராகம் என்பீர்களா? உண்மையான சிப், 60இன் வேகம். அதுதான் அசல்.

படுவான்கரை_ரீச்சர் | ஞாயிறு, இரவு 8.41

இதுவரை நீங்கள் கேட்டது பெட்டியின் கரகரப்பு, பலகையின் வடிகட்டி. அவையும் இசையமைப்பாளர் எழுதியவை அல்ல, கருவியின் குறைகள்தான். ஒரு குறையைக் கும்பிட்டு, மற்றதைத் திருத்தச் சொல்கிறீர்கள். நீங்கள் சொல்லும் அசல் மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ஒரு பால் பெட்டியிலும் ஒலித்ததில்லை காக்கா.

மேடைக்கீபோர்ட் | ஞாயிறு, இரவு 8.55

இந்த முறை ரீச்சர் பக்கம் நான். மேடையில் ஒரு பழைய பாட்டை இசைத்தட்டின் வேகத்தில் வாசித்தால் "தம்பி, அவசரமா?" என்று கேட்பார்கள். சனங்களின் காதில் இருப்பது அவர்கள் வீட்டு றேடியோவில் கேட்டது. கேட்பவர்கள் மாமாவின் கூட்டாளிகள். நகமுரா வரப்போவதில்லை.

ஈயப்புகை | ஞாயிறு, இரவு 10.20

கடையைப் பூட்டிவிட்டு யோசித்தேன். ரீச்சர் சொன்னது குத்துகிறது, பொய் இல்லை.

அப்படிக் கணக்குப் பார்த்தால் இன்னும் இருக்கிறது. முதல் மாடல் பெட்டியில் பின்பக்கத்து வெளியீடு ஒற்றை ஒலி. முன்பக்கத்து ஹெட்போன் துளையில் மட்டும் இரண்டு பக்கமும் தனித்தனியே வரும். எங்களில் எத்தனை பேர் ஹெட்போன் வைத்திருந்தோம்? அன்டெனா வயரில் போட்டு, தொலைக்காட்சியின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டோம். இடது வலது என்று பிரித்து வைத்திருந்தால் அதையும் ஒன்றாக்கவேண்டும். வேகத்தை விட்டு மற்றதை மட்டும் இணையத்துப் பதிவுபோல வைத்தால், அது அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

கல்லடியான் | திங்கள், இரவு 7.15

50இல் வைத்து, ஒற்றை ஒலியாக்கி, சிப்பின் கடிகாரத்தையும் பாலுக்கு மாற்றி மாமாவுக்குப் போட்டேன். அரைவாசியில் கையைக் காட்டி நிறுத்தினார். "வேகம் இதுதான். ஆனால் அடியில் ஓர் உறுமல் இருக்குமே, அது எங்கே?" என்றார். சிப்பில் அப்படி எதுவும் இல்லை. காக்கா, இது நீங்கள் சொன்ன பலகையா?

ஈயப்புகை | திங்கள், இரவு 8.05

பலகையாகவும் இருக்கலாம், அடாப்டராகவும் இருக்கலாம். மலிவான அடாப்டரில் மின்தேக்கி காய்ந்தால் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் முழு அலையாகத் திருத்தப்பட்டு 100இல் உறுமும். அதை நிரலில் தேடவேண்டாம்.

என்னிடம் ஒரு முதல் மாடல் பால் பலகை இருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது கடையோடு நனைந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவி, ஸ்பிரிற் போட்டுத் துடைத்து, பச்சை பிடித்த கால்களைச் சுரண்டி, மின்தேக்கிகள் எல்லாவற்றையும் மாற்றினேன். சிப் நான் தொடாத அதே சிப், ஆறு வழியும் பேசுகிறது. நாளைக் காலை மட்டக்களப்பு பஸ்ஸில் கடைப் பொடியனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஒன்றுகூடல் முடிந்ததும் திரும்பி வரவேண்டும்.

வேகத்தில் தோற்றுவிட்டேன் என்று எழுதவேண்டாம். 60இல் ஒரு தடவை, 50இல் ஒரு தடவை, இரண்டையும் போட்டுப் பதிந்து இங்கே ஏற்றுங்கள்.

அடாப்டர் அனுப்பமாட்டேன், அங்கே வாங்குங்கள். இந்தப் பெட்டிக்கு நடுமுனை எதிர்மறை. கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் நடுமுனை நேர்மறையாகவே இருக்கும். கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும், செருகுமுன் மீட்டர் வைத்துப் பாருங்கள்.