எங்கேஜிங்: ஈர்ப்பா, பிணிப்பா, ஈடுபாடா?

செ., ஈரோடு:
எல்லாருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு சொல் வேணும். சாயங்கால வெப் டிசைன் வகுப்புக்குத் தமிழ்ல பாடக்குறிப்பு எழுதிட்டிருக்கேன், உள்ள எல்லாம் முடிஞ்சுது, தலைப்புல மாட்டிக்கிட்டேன். "எங்கேஜிங் யூசர் எக்ஸ்பீரியன்ஸ்". பின்னாடி ரெண்டுக்கும் பயனர் அனுபவம்னு போட்டுட்டேன், இந்த எங்கேஜிங்குக்குத்தான் ஒண்ணும் அமையல. வகுப்புல அர்த்தம் கேட்டா பாதிப் பேர் நிச்சயதார்த்தம்ங்கறாங்க. "ஈர்க்கும்"னு எழுதிப் பார்த்தேன், ஜவுளிக்கடை நோட்டீஸ் மாதிரி இருக்குதுங்க, அடிச்சுட்டேன்.

மு., மதுரை:
அம்மா, சொல் வள்ளுவர்கிட்டயே இருக்கு. "கேட்டார்ப் பிணிக்குந் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்", 643. வந்தவனைக் கட்டிப்போடணும், வராதவனும் ஆசைப்படணும். இணையதளத்துக்கு இதவிட இலக்கணம் உண்டா? பிணிப்பு. அப்படியே அந்த அனுபவத்தையும் எடுத்துடுங்க, வடசொல். துய்ப்புன்னு போடுங்க.

ர., சென்னை:
ஐயா, கோவிச்சுக்காதீங்க, "பயனர் பிணிப்பு"ன்னு ஸ்கிரீன்ல வந்தா நோய்னுதான் படிப்பாங்க. துய்ப்பும் சரியா வராது. 1993ல ஆப்பிள்ல டிசைன் அறிஞர் டான் நார்மன் யூசர் எக்ஸ்பீரியன்ஸ்ங்கிற பேரைத் தன் பதவியிலயே வச்சுக்கிட்டாரு, இன்டர்ஃபேஸ் (ஆள் தொடுற திரை), யூசபிலிட்டி (பயன்படுத்த எவ்ளோ சுலபம்) இந்தச் சொல்லெல்லாம் ரொம்பக் குறுகலா இருக்குன்னுதான் இதை உண்டாக்கினதா அவரே சொல்லியிருக்காரு. நல்லது கெட்டது எல்லாம் அடங்கணும். "கோடி தொகுத்தார்க்கும் துய்த்தல் அரிது"ன்னு குறள்ல வந்தா அங்க இன்பம் மட்டுந்தானே?

எங்கம்மா ஃபோன்ல ஒரு பில் கட்டினதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். "சமர்ப்பிக்கவும்" பொத்தானுக்குள்ள அடங்காம ஒடஞ்சு "சமர்ப்பி" மட்டும் தெரியுது. வரி உயரத்தை இங்கிலீஷ் எழுத்துக்கு அளந்து வச்சிருக்காங்க, அதனால "உள்ளீடு"ல மேல்சுழி வெட்டுப்பட்டு "உள்ளிடு"ன்னு நிக்குது. ஓடிபில ஒரு நம்பர் தப்பாப் போச்சு, அவ்ளோதான், அடிச்சதெல்லாம் அழிஞ்சு முதல் பக்கம் வந்துடுச்சு. "நான் என்னடா தப்பு பண்ணேன்"னு கேட்டாங்க. அதுக்குப் பேரு அனுபவம். துய்ப்பு இல்ல.

வடசொல்னு பார்த்தா பொத்தானே போர்ச்சுகீசியர் கொடுத்ததுதான், சாவி ஜன்னல் அலமாரியும் அப்படித்தான், எதையெல்லாம் வீட்டை விட்டு வெளிய போடுவீங்க?

க., யாழ்ப்பாணம்:
பயனர் எண்டதை முடிஞ்ச விசயம் மாதிரி எழுதிறியள். இஞ்ச எங்களுக்குப் பாவனையாளர்தான், பேப்பரிலயும் கரண்ட் பாவிக்கிறவையை மின்பாவனையாளர் எண்டுதான் போடுவினம். பயன் கிடைச்சால்தானே பயனர்? செ. அக்காவின்ர குறிப்பை இஞ்சயும் பிள்ளையள் படிப்பினம், அதையும் யோசியுங்கோ.

ர., சென்னை:
இங்க பாவனைன்னா நடிக்கிறதுன்னு ஆயிடுச்சுங்க, அதான் சிக்கல்.

தி., தஞ்சாவூர்:
எல்லாரும் ஒண்ணை விட்டுட்டீங்க. தன்வினையா பிறவினையாங்கிறது. ஈர்ப்பு, பிணிப்பு ரெண்டுமே வெப் பக்கம் செய்யற வேலை, ஆள் சும்மா மாட்டிக்கிறான். ஈடுபடறது, ஒன்றறது, தோயறது இதெல்லாம் ஆள் செய்யறது. எந்தப் பக்கம் நின்னு சொல்றோம்? யூசபிலிட்டி ஆராய்ச்சியாளர் நீல்சன் 1993ல எழுதின கணக்குப்படி ஒரு செகண்டுக்குள்ள பதில் வந்தா நினைப்பு அறுபடாது, பத்து செகண்டு தாண்டினா கவனம் வேற வேலைக்குப் போயிடும். அந்த நினைப்பு அறுபடாம இருக்கிறதுக்குத்தான் நாம பேர் வைக்கணும், கட்டிப்போடறதுக்கு இல்ல. ர.வோட அம்மாவை யாரும் கட்டிப்போட வேண்டாம், பில்லைக் கட்டிட்டுச் சமையலுக்குப் போகணும் அவங்க.

என் ஓட்டு தோய்வு. இல்லாட்டி ஈடுபாடு. ஈடுன்னா அடகுப் பொருள், இங்கிலீஷ் எங்கேஜ்லயும் உள்ள இருக்கிற கேஜ் பிரெஞ்சுல அடகு, பிணையம்தான். நிச்சயதார்த்தத்துக்கு அந்தப் பேர் வந்ததும் வாக்கைப் பிணையா வைக்கிறதாலதான், அதனால அந்தப் பசங்க சொன்னது அவ்வளவு தூரத்துல இல்ல. ரெண்டு மொழியும் ஒரே இடத்துலேர்ந்து கெளம்பியிருக்கு பாருங்க.

மு., மதுரை:
ஈடுபாட்டுல இருக்கிற ஈடு அடகுதான்னு எதை வச்சுச் சொல்றீங்க? திருவாய்மொழி உரைக்கும் ஈடுன்னுதான் பேரு, அதையும் அடகுன்னு சொல்லிடுவீங்களா? சொல் ஒண்ணா இருந்தா வேர் ஒண்ணுன்னு ஆகாது. தன்வினை வேணும்னா பிணிப்புக்குப் பக்கத்துலயே பிணைதல் இருக்கே, பிணைதல் தன்வினை, பிணைத்தல் பிறவினை. இலக்கணத்தைச் சொல்லி என் சொல்லைத் தள்ள முடியாது.

ர., சென்னை:
தோய்வு நல்ல சொல், ஆனா ஒரு கொம்பு மாறினா தொய்வு ஆயிடும், அர்த்தம் தலைகீழ். ஃபோன்ல அடிக்கிறவங்க கண்டிப்பா மாத்தி அடிப்பாங்க. ஈடுபாடுன்னா வேர் என்னவா இருந்தாலும் பத்தாவது படிச்ச பிள்ளைக்குப் புரியும்.

க., யாழ்ப்பாணம்:
எனக்கும் ஈடுபாடு சரி. பாவனையாளர் கதை முடியேல்ல.

செ., ஈரோடு:
மணி பதினொண்ணு ஆச்சுங்க, காலைல ஜெராக்ஸ் கடைக்குக் குடுக்கணும். தலைப்பை "ஈடுபாடு தரும் பயனர் அனுபவம்"னு மாத்திட்டேன். முதல் பக்கத்துல பயனர்ங்கிற எடத்துல பாவனையாளர்னும் சேர்த்துப் போட்டிருக்கேன், க. தம்பிக்காக. தி. அண்ணன் சொன்ன தன்வினை விசயம் ஒரு பத்தியா உள்ள வருது, ர.வோட அம்மா கதையத்தான் முதல் பயிற்சியா வச்சிருக்கேன், அந்த பில் பக்கத்தைப் பசங்களே திருப்பி வடிவமைக்கணும். ஐயா, 643ஐ எடுக்கல, தலைப்புக்குக் கீழயே இருக்கு.

மு., மதுரை:
குறளைப் போட்டதுக்கு நன்றிம்மா. குறள்ல பிணிக்கும்னு இருக்கும், மேல ஈடுபாடுன்னு இருக்கும், பிள்ளைங்க ஏன்னு கேக்கும். அப்ப என்ன சொன்னீங்கன்னு திங்கக்கிழமை எழுதுங்க, நான் பிணிப்பை விடறதா இல்ல.