இந்த வார் நுனிப் பூண் ஆங்கிலோ-சாக்சனா, ரோமானியதா?

வணக்கம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில், உரிமையாளரின் அனுமதியோடு உழுத வயலில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடியபோது, இடைவாரின் நுனியில் மாட்டும் உலோகப் பூண் ஒன்று கிடைத்தது. அதன் காலம்தான் பிடிபடவில்லை. தொல்பொருள் பதிவு அலுவலரிடம் கொடுக்கும் முன் விவரக்குறிப்பைச் சரியாக எழுதிவிட வேண்டும்.

செப்புக் கலவை, மேலே பச்சைக் களிம்பு. நீளம் 43 மி.மீ., அகலம் 11 மி.மீ. மேல்முனை இரண்டாகப் பிளந்திருக்கிறது. வாரைச் செருகி ஆணி அடிக்க 2 துளைகள். பக்கங்கள் நடுவில் லேசாகப் புடைத்துக் கீழே குறுகுகின்றன. நுனி நன்றாகத் தேய்ந்துவிட்டது. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மட்டும் உருண்டைக் காதுகளும் மூக்குமாக ஒரு விலங்குத் தலை தெரிகிறது. பின்பக்கம் வெறுமை.

9ஆம் நூற்றாண்டுப் பூண்களில் இந்தத் தலை சகஜம். ஆனால் நடுவில் கொடியோ விலங்கோ இல்லை, வட்டத்துக்குள் புள்ளி வைத்த முத்திரைகள்தான். 4ஆம் நூற்றாண்டு ரோமானியப் பூண்களிலும் அவை வருமே! ஆனால் அவற்றில் ஆம்போரா எனும் இருகைப்பிடி ஜாடி வடிவத்தில் உள்ளவற்றின் கைப்பிடித் துளைகள் இதில் இல்லை.

பொதுமக்கள் கண்டெடுக்கும் தொல்பொருள்களைப் பதியும் போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் தரவுத்தளத்தில் தேடினேன். 1774இல் கார்ன்வாலில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டு ட்ரூஹிடில் புதையலோடும் ஒப்பிட்டேன். அது வெள்ளியில் நியெல்லோ என்ற கருப்புக் கலவை பதித்த வேலை. இதில் உருப்பெருக்கியில் பார்த்தும் கருப்புப் படிவு இல்லை. அப்புறம், களிம்பைச் சுரண்டவில்லை, தடயமும் சேர்ந்து போய்விடும்.

வட்டப்புள்ளி அலங்காரம் மட்டுமே இருக்கும்போது, நுனித் தலையை வைத்து இதை 9ஆம் நூற்றாண்டு ஆங்கிலோ-சாக்சன் என்று பதியலாமா?