பச்சோந்தி கிரிக்கெட் பூச்சியைத் தொடவே மாட்டேன் என்கிறது, வேறு என்ன கொடுக்கலாம்?

ஈஸ்ட்ஹாம்வாசி:
எங்கள் வீட்டில் இருப்பது ஆண் யேமன் பச்சோந்தி, ஒன்றரை வயது இருக்கும். குட்டியாக வாங்கியதிலிருந்து கறுப்பு கிரிக்கெட் பூச்சிதான் (சுவர்க்கோழி) சாப்பாடு. தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு விடுவேன், அரை மணி நேரத்தில் காலி செய்துவிடுவான். கொஞ்ச நாளாகப் பூச்சி மூக்குக்கு முன்னால் ஏறினாலும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொள்கிறான். வாக்ஸ்வார்ம் என்ற மெழுகுப்புழுவைக் காட்டினால் மட்டும் நாக்கு பறந்து வருகிறது. பூச்சியை மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள், எதை எவ்வளவு என்று யாரும் உருப்படியாகச் சொல்வதில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா? மனைவிக்குப் புழுவைக் கண்டாலே ஆகாது, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

இலைமறைவு:
பூச்சிப் பட்டியலுக்கு முன்னால் சில கேள்விகள். வெயில் காயும் கிளையில் வெப்பம் எவ்வளவு? புற ஊதா ஒளி தரும் யூவிபி டியூப் எப்போது மாற்றியது? எச்சத்தில் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கிறதா, ஆரஞ்சு நிறமா? பகலில் கண்ணை மூடுகிறானா? தோல் உரிக்கப் போகிறானா? என்ன பவுடர் தூவுகிறீர்கள்?

ஈஸ்ட்ஹாம்வாசி:
கிளையில் 30 டிகிரி, புரோப் வைத்துப் பார்த்தது. டியூப் டி5 என்ற மெல்லிய வகை, மாற்றி ஒரு வருடம் ஆகவில்லை. எச்சம் வெள்ளைதான். கண்ணும் திறந்தே இருக்கிறது, நன்றாக ஏறி இறங்குகிறான். தோல் உரிப்பு போன மாதமே முடிந்தது. பவுடர் வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம், ஒவ்வொரு வேளையும் தூவுகிறேன்.

இலைமறைவு:
அப்படியானால் அவனுக்கு வயிறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றரை வயது என்றால் வளர்ச்சி முடிந்த ஆண். குட்டிக்குத்தான் தினமும் வேண்டும், இவனுக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சி தாராளம். எடை நன்றாக இருக்கும் பெரிய பச்சோந்தி சில நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துக் குறித்து வையுங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலோ, கண் குழி விழுந்தாலோ, கிளையைப் பிடிக்கும் பிடி தளர்ந்தாலோ உடனே ஊர்வன பார்க்கும் டாக்டர், எச்சத்தையும் கையோடு எடுத்துப் போங்கள், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வாக்ஸ்வார்மை இன்றோடு நிறுத்துங்கள். முழுக்கக் கொழுப்பு, பிள்ளைக்குச் சோற்றுக்குப் பதில் ஜிலேபி கொடுப்பது போல. அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் வேறு எதையும் தொட மாட்டான்.

இனி மாற்றி மாற்றிக் கொடுப்பது. முதலில் வெட்டுக்கிளி, இங்கே பிரிட்டனில் எல்லாக் கடையிலும் அளவு பார்த்து வாங்கலாம், நாற்றமும் இல்லை, கிரிக்கெட் மாதிரி ஓடி ஒளியவும் செய்யாது. உங்கள் வீட்டு நிலவரத்துக்கு அதுதான் சரி. எந்தப் பூச்சியும் அவனுடைய இரண்டு கண்ணுக்கு நடுவிலுள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. அடுத்து டூபியா கரப்பான். வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏற முடியாததால் டப்பாவை விட்டுத் தப்பாது, ஆனால் கிண்ணத்தில் போட்டதும் செத்ததுபோல் கிடக்கும், இவன் கவனிக்க மாட்டான், இடுக்கியில் காட்ட வேண்டும். கால்சிவார்ம் என்று விற்கும் சிறு புழுவில் இயற்கையாகவே கால்சியம் அதிகம், வாரம் கொஞ்சம் சேருங்கள். பட்டுப்புழு கிடைத்தால் விடாதீர்கள். மோரியோ என்ற பெரிய வண்டுப்புழு எப்போதாவது போதும், அதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், செத்துவிடும். மீல்வார்ம் என்ற மாவுப்புழுதான் குளிரைத் தாங்கும்.

ஆனால் ஐந்து வகைப் பூச்சி வாங்கி ஐந்துக்கும் வாடிய கேரட்டையே போட்டால் அது மாற்றம் ஆகாது. பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் அவனுக்குப் போய்ச் சேருகிறது. கொடுப்பதற்கு முந்தைய நாளே பூச்சிகளுக்குக் கடுகுக் கீரை, டான்டிலியன் இலை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ஆரஞ்சுத் துண்டு போடுங்கள். உங்கள் ஏரியாத் தமிழ்க் கடையில் முருங்கைக்கீரை கிடைக்குமே, கால்சியத்துக்கு அதைவிட என்ன வேண்டும். பாலக்கீரையும் முளைக்கீரையும் மட்டும் வேண்டாம், அவற்றின் ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கிரிக்கெட்டில் ஏற்கெனவே கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், அதனால்தான் பவுடரே.

பவுடரையும் மாற்றுங்கள். யூவிபி ஒளியில் உடம்பே டி3 செய்துகொள்ளும்போது தினமும் டி3 ஏற்றினால் உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும். வழக்கமான நாளில் டி3 இல்லாத வெறும் கால்சியம், டி3 உள்ளது மாதம் இருமுறை, மல்டிவைட்டமின் வேறொரு நாளில் மாதம் இருமுறை. இரவில் மிச்சப் பூச்சியை உள்ளே விட்டு வைக்காதீர்கள், கிரிக்கெட் தூங்குகிறவனைக் கடிக்கும்.

குச்சிக்கால்:
இலைமறைவு அண்ணா சொன்னதோடு ஈயையும் சேருங்கள். தூண்டில் சாமான் கடையில் ஈயின் கூட்டுப்புழு கிடைக்கும், டப்பாவில் பொரிய விட்டுத் தேன் தடவிக் கொடுத்து, பிறகு கூண்டுக்குள் திறந்து விடுங்கள். பறக்கிற ஒன்றைக் கண்டால் எப்பேர்ப்பட்ட சோம்பேறிப் பச்சோந்தியும் நாக்கை நீட்டிவிடும்.

என் கட்சி குச்சிப்பூச்சி. இங்கே பள்ளிக்கூடங்களில் வளர்க்கும் இந்தியக் குச்சிப்பூச்சி இருக்கிறதே, அது முதலில் சேகரிக்கப்பட்டது நம் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூரில்! ஆண் இல்லாமலே முட்டையிடும், பூங்காவில் மண்டிக்கிடக்கும் பிராம்பிள் முள்செடி இலையே போதும். ஐவி, பிரிவெட் இலையும் தின்னும், ஆனால் பச்சோந்திக்குக் கொடுப்பதற்கு பிராம்பிள் தின்றதே நல்லது. குச்சிப்பூச்சி டப்பாவின் அழுக்கைக் கொட்டும் முன் ஃபிரீசரில் வைத்து எடுங்கள், முட்டை வெளியே போய்ப் பொரியக் கூடாது.

நொய்யல்:
நான் கோவையில் இருக்கிறேன். தோட்டத்தில் ஒரு பச்சோந்தி வந்திருக்கிறது, பிடித்து வைத்து இதெல்லாம் கொடுக்கலாமா?

இலைமறைவு:
வேண்டாம் தம்பி. அது நம் நாட்டு இனம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். மருந்து அடிக்காமல் தோட்டத்தை விட்டு வையுங்கள், வேண்டிய பூச்சியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் பட்டினி போட்டு இன்று நடுத்தர வெட்டுக்கிளி விட்டேன், மூன்று போய்விட்டது. ஒரு சந்தேகம், தோட்டத்துத் தக்காளிச் செடியில் இருக்கும் புழுவைக் கொடுக்கலாமா?

குச்சிக்கால்:
கூடாது. தக்காளி இலையின் நஞ்சு அதன் வயிற்றில் இருக்கும். கடையில் தனி உணவில் வளர்த்த ஹார்ன்வார்ம் என்ற பச்சைப் புழு கிடைத்தால் அதை வாங்குங்கள், நீர்ச்சத்தும் நிறைய.