கரிசல் மண்ணில் தோட்டக் கொட்டகைக்கு எந்த அடித்தளம் ஏற்றது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டி அருகே எங்கள் தோட்டத்தில் மண்வெட்டி, மருந்துத் தெளிப்பான், உர மூட்டைகள் வைப்பதற்காக 10 அடிக்கு 8 அடியில் ஒரு தகரக் கொட்டகை அமைக்க விரும்புகிறேன். நிலம் முழுவதும் கரிசல். சித்திரை வெயிலில் விழும் வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை இறங்குகிறது. முன்பு கடப்பாக்கல்லை மண்மேல் அப்படியே பரப்பித் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தேன். ஒரே ஐப்பசி மழையில் ஒரு மூலை மேலெழும்பித் தொட்டி சாய்ந்துவிட்டது. 4 அங்குலக் கான்கிரீட் போதும் என்கிறார் கொத்தனார். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சியோ பேவர் கல் பரப்பச் சொல்கிறார். எதைச் செய்யலாம்?

பதில் 1

ஐயா, கரிசல் மண் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பதால், அதன்மேல் எதைப் போட்டாலும் அதுவும் சேர்ந்தே ஏறி இறங்கும். பேவர் கல் அலை அலையாக மேடு பள்ளமாகிவிடும். கான்கிரீட் தளம் ஒட்டுமொத்தமாகச் சாயும் அல்லது நடுவில் பிளக்கும். கொட்டகையைவிட எல்லாப் பக்கமும் ஓரடி கூடுதலாக, அதாவது 12 அடிக்கு 10 அடியில், இரண்டரை அடி ஆழம் தோண்டிக் கரிசலை அகற்றிவிட்டு, சரளை மண்ணை அரையடி அரையடியாகக் கொட்டி, நீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பள்ளத்தின் அளவு 300 கன அடி. மண் இறுகுவதையும் கணக்கிட்டால் 4 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) தேவைப்படும். வெறும் ஜல்லியைக் கொட்டிவிடாதீர்கள். சுற்றிலும் நீர் இறங்காத களி இருப்பதால், ஜல்லி நிரம்பிய பள்ளம் மழைநீரைத் தேக்கும் தொட்டியாகி, அடியிலுள்ள கரிசலை மேலும் உப்ப வைக்கும். அதன்பின் 8 மில்லிமீட்டர் கம்பியை இருபுறமும் 8 அங்குல இடைவெளியில் கட்டி 4 அங்குலத் தளம் போடலாம். அதற்கு ஏறக்குறைய 6 மூட்டை சிமெண்ட் ஆகும். பத்து நாள் தண்ணீர் கட்டி வையுங்கள்.

பதில் 2

மேலே சொன்ன முறை சரியானது. ஆனால் முதலில் ஒரே ஒரு குழி தோண்டிப் பாருங்கள். கரிசலுக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்பு கலந்த கெட்டியான படிவம்) எத்தனை அடியில் தட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்தே செலவு அமையும்.

கேள்வி கேட்டவர்

நேற்றுக் கடப்பாரையால் தோண்டினோம். மூன்றடிக்குச் சற்று முன்பே வெள்ளைச் சுக்கான் வந்துவிட்டது. கடப்பாரை அதில் பட்டுத் தெறித்தது.

பதில் 2

அப்படியானால் மண் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆறு குழிகளைச் சுக்கான் வரை இறக்கி, கல்தூண்களை நிறுத்தி, கான்கிரீட் இட்டு இறுக்கி, அவற்றின்மேல் இரும்புச் சட்டத்தைப் பொருத்துங்கள். சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே அரையடியாவது காலியாக இருக்கட்டும். மண் உப்பினாலும் சட்டத்தைத் தொடாது, உர மூட்டைக்கும் ஈரம் ஏறாது. அந்தச் சட்டத்தின்மேல் கடப்பாக்கல் பதித்தால் அதுவே தரை. தகரம் இலகுவானது, ஆடிக் காற்று அடியில் புகுந்து தூக்கும் என்பதால், ஒவ்வொரு தூணிலும் போல்ட் போட்டு முடுக்குவதில் சிக்கனம் வேண்டாம். கூரைநீரைக் குழாய் வைத்து எட்டத்தில் விடுங்கள். சொட்டுநீர்க் குழாயும் தூண்களின் ஓரமாகப் போகக் கூடாது.