கொடைக்கானல் பள்ளிச் சுற்றுலா: குதிரை, படகு, ராட்டினம் – எதை எப்போது?

கேள்வி: ஏழாம் வகுப்பு, 60 பிள்ளைகள், ஒரே நாள். ஏரியில் குதிரைச் சவாரியும் படகும், பிறகு ராட்டினமும் சேர்க்கலாமா?

பதில் 1: மூன்றையும் ஒரே நாளில் சேர்க்க வேண்டாம் டீச்சர். 8 குதிரை கிடைத்தாலும் 60 பேருக்கு 8 சுற்று. ஏற்றி இறக்க, சுற்றிவர 12 நிமிடம் என்றாலே ஒன்றரை மணி நேரம் போய்விடும். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரைப் படகுக்கு அனுப்புங்கள். லைஃப் ஜாக்கெட்டின் பக்கிளை ஆசிரியரே இழுத்துப் பார்க்கட்டும். ராட்டினத்தை விட்டுவிடலாம். மலைப்பாதையில் வாந்தி எடுத்த பிள்ளைக்கு அது வீண் வதை.

பதில் 2: குதிரைதான் கவனம். ஒரு குதிரையில் ஒரே பிள்ளை; கயிறு குதிரைக்காரர் கையில்; ஓட விடக்கூடாது என்று பணம் கொடுக்கும் முன்பே பேசுங்கள். வயிற்றுப்பட்டை தளர்ந்தால் சேணம் பக்கவாட்டில் சரியும். கால்வளையத்தில் பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கணும். முழுக்க நுழைந்தால், விழும்போது கால் சிக்கிப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும். செருப்பு கூடாது, ஷூதான். படபடக்கும் மழைக்கோட்டு, துப்பட்டா, திடீர்க் கூச்சல் எல்லாம் குதிரையை மிரள வைக்கும். பின்னால் யாரும் நிற்கவேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களின் பெயரை முன்பே குறித்து, இன்ஹேலரைக் கையில் வையுங்கள்.

பதில் 3: குதிரை கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, மருத்துவமனைக்குப் போகணும். கொடைக்கானலுக்குள் நுழைய பஸ்ஸுக்கு இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) முன்கூட்டியே எடுங்கள். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை; ஸ்டீல் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேட்டவர்: நன்றி. குதிரைச் சவாரி சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா?

பதில் 2: முன்னால். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பிள்ளைகளை எண்ணுவதே சிரமம்.