ஆச்சி வீடு குழுவில் ஸ்ட்ரெயிட்னர் பேச்சு

சனிக்கிழமை

சென்னைச் சித்தி: எல்லோரும் இருக்கிறீர்களா? ஒரு யோசனை கேட்க வேண்டும். பாப்பாவுக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழா வருகிறது. நடனத்துக்கு முடியை நேராக நீட்டி விட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆன்லைனில் 899 ரூபாய்க்கு ஒரு செராமிக் ஸ்ட்ரெயிட்னர் இருக்கிறது. இன்னொன்று 1,650. வாங்கலாமா, பார்லருக்கே கூட்டிப்போய்விடலாமா?

அம்மா: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தலைக்கு எதற்குச் சூடு? இறுக்கப் பின்னி, பூ வைத்து அனுப்பு. லட்சணமாக இருக்கும்.

சென்னைச் சித்தி: எனக்கும் அதுதான் பிடிக்கும் அக்கா. ஆனால் பன்னிரண்டு பெண்களும் ஒரே மாதிரி வர வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

பாளை அக்கா: ஒரு நாள் விழாதானே சித்தி, வீட்டிலேயே செய்யலாம். அந்த 899 ரூபாய் மிஷினில் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கிறதா பாருங்கள்.

சென்னைச் சித்தி: ஆன், ஆஃப் சுவிட்ச் மட்டும்தான். 210 டிகிரி என்று எழுதியிருக்கிறது. 1,650 ரூபாயில் 140 முதல் 210 வரை மாற்றிக்கொள்ளலாம்.

பாளை அக்கா: அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், இரண்டாவதை வாங்குங்கள். பாப்பா முடி பட்டு நூல் மாதிரி மெல்லிசு. அதற்கு 150 தாராளம். 210 என்பது நல்ல அடர்த்தியான சுருட்டை முடிக்கே அதிகம். காய்ந்த முடியிலுள்ள கெரட்டின் புரதமே 230 டிகிரியை ஒட்டி உருக்குலைய ஆரம்பித்துவிடும். மலிவு மிஷினில் காட்டுகிற சூடு ஒன்று, தகட்டில் இருக்கிற சூடு ஒன்று என்று முன்னே பின்னே இருக்கலாம். அந்த எல்லைக்குப் பக்கத்தில் பிள்ளை தலையைக் கொண்டுபோகவே கூடாது.

நான்: அக்கா, செராமிக் என்றால் தகடு முழுக்கப் பீங்கானா?

தூத்துக்குடி மாமா: இல்லைம்மா. நம் கடைக்கு ரிப்பேருக்கு வருகிற மலிவு மிஷின் எல்லாமே உள்ளே அலுமினியத் தகடு, மேலே செராமிக் பூச்சு. பூச்சு நன்றாக இருக்கிற வரை சூடு சமமாகப் பரவும், முடியும் வழுக்கிக்கொண்டு போகும். கீழே போட்டோ, சீப்பால் சுரண்டியோ பூச்சு உரிந்துவிட்டால் அந்த இடத்தில் முடி மாட்டி இழுக்கும். உரிந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான், பூச்சை ரிப்பேர் செய்ய முடியாது. தகட்டுக்கு அடியில் சூடாக்குகிற வில்லை இருக்கிறது பார், பி.டி.சி. என்பார்கள், அது பல மிஷின்களில் நிஜமாகவே செராமிக். சூடு ஏற ஏற அதன் மின்தடை கூடி, கரண்ட் தானாகக் குறைந்துவிடும். அதனால்தான் இவ்வளவு சின்னச் சாமான் எரிந்துபோகாமல் நிற்கிறது.

தூத்துக்குடி மாமா: தங்கச்சி, டூர்மலின், அயானிக், ஆர்கன் ஆயில் பூச்சு என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் காசைக் கூடக் கொடுக்காதே. சூட்டுக் கட்டுப்பாடு, ஐ.எஸ்.ஐ. முத்திரை, தானாக அணைகிற வசதி இருந்தால் அது, அவ்வளவுதான். வந்ததும் கரண்ட் கொடுக்காமல் இரண்டு தகட்டையும் மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் தகடு சேரவில்லை, திருப்பி அனுப்பிவிடு. சேராத தகட்டில் ஒரே முடியை நாலு தடவை இழுக்க வேண்டி வரும்.

சென்னைச் சித்தி: கரண்ட் நிறைய இழுக்குமா அண்ணே? இங்கே அடிக்கடி போய்ப் போய் வருகிறது.

தூத்துக்குடி மாமா: அயர்ன் பாக்ஸ் 750, 1,000 வாட் இழுக்கிறது. இது பெரும்பாலும் 30, 50 வாட்டுக்குள். இன்வர்ட்டரிலேயே ஓடும்.

ஆச்சி (மாமா போனிலிருந்து): ஏட்டி, தலையில் நல்லாத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டுச் செய்தால் சூடு தாக்காதுல்லா?

பாளை அக்கா: ஐயோ ஆச்சி, அது மட்டும் வேண்டாம்! செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் 175 டிகிரியை ஒட்டியே புகைய ஆரம்பித்துவிடும். சூட்டுத் தகட்டில் எண்ணெய் முடியை வைத்தால் எண்ணெய் காய்ந்து முடியையும் பொரிக்கும், தலைத்தோலையும் சுடும். இரண்டு நாள் முன்னால் எண்ணெய் வைத்துக் குளிக்கட்டும். விழாவுக்கு முந்தின நாள் ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசையே இல்லாமல் அலசி, இரவெல்லாம் காயவிட வேண்டும்.

அம்மா: கொஞ்சம் ஈரம் இருந்தால்தானே முடி படியும்? துணிக்குத் தண்ணீர் தெளித்துத்தானே தேய்க்கிறோம்.

பாளை அக்கா: பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதையேதான் கேட்கிறார்கள் சித்தி. துணியில் ஆவி வெளியே போய்விடும். ஈர முடியில் தண்ணீர் தண்டுக்கு உள்ளே மாட்டிக்கொண்டு ஆவியாகும். போக வழியில்லாமல் குமிழ் குமிழாக நிற்கும், அந்த இடத்தில் முடி ஒடியும். 125 டிகிரி சூடே இதற்குப் போதும் என்று ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். தகட்டை வைத்ததும் ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள், முடி இன்னும் காயவில்லை. ‘வெட் டு ஸ்ட்ரெயிட்’ என்று ஆவி போக ஓட்டை வைத்துத் தனியாக ஒரு வகை வருகிறது. நீங்கள் பார்க்கிற இரண்டும் அதில்லை.

நான்: இவ்வளவு செய்தும் சாயங்காலமே சுருண்டுவிடுகிறதே அக்கா, ஏன்?

பாளை அக்கா: முடிக்குள்ளே இரண்டு விதப் பிணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள். ஹைட்ரஜன் பிணைப்பு பலவீனமானது, சூட்டிலும் ஈரத்திலும் விட்டுவிடும். ஆறும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதே வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்ளும். நாம் நேராக்குவது இதைத்தான். பிறவிச் சுருளைத் தாங்கி நிற்பது கந்தகப் பிணைப்பு, அதைத் தொட ரசாயனம் வேண்டும். அதனால் வியர்வையோ காற்றின் ஈரமோ பட்டதும் பழைய சுருள் வந்துவிடும். சித்தி, கடற்கரை ஊர் உங்களுடையது. காலையிலேயே செய்துவிடாதீர்கள், கிளம்புவதற்கு முன்னால் செய்யுங்கள்.

பெரியம்மா: ஆறு மாதம் அப்படியே நிற்கும் கெரட்டின் ட்ரீட்மென்ட் என்று ஒருத்தி விளம்பரம் அனுப்பினாள். அதைச் செய்துவிட்டால் தொல்லை இல்லையே?

பாளை அக்கா: அம்மா, அந்த மருந்துகளில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, இல்லையென்றால் சூடு பட்டதும் அது வெளியே வருகிறது. பள்ளிக்கூட லேபில் தவளையைப் போட்டு வைத்திருந்த ஃபார்மலின், அதேதான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. கண் எரிந்து தண்ணீர் கொட்டும். நான் என் பார்லரில் செய்வதே இல்லை, கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது.

சென்னைச் சித்தி: சரிம்மா. இரண்டாவதையே ஆர்டர் போட்டுவிட்டேன், புதன்கிழமை வரும். எப்படிச் செய்வது என்று விவரமாகச் சொல்லு.

பாளை அக்கா: முதலில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுங்கள். சிக்கோடு தகட்டை இழுத்தால் முடி அறுந்துவிடும். அப்புறம் சூட்டிலிருந்து முடியைக் காக்கிற ஹீட் ப்ரொடெக்டன்ட் சீரம் இரண்டு மூன்று சொட்டு, உள்ளங்கையில் தேய்த்து நடு முடியிலிருந்து நுனி வரை மட்டும். டைமெத்திகோன் மாதிரி சிலிக்கோன் இருக்கிறதா என்று பாட்டிலின் பின்னால் பாருங்கள், சூடு ஒரே இடத்தில் பாயாமல் தடுப்பது அதுதான். முடியை மேலே தூக்கி கிளிப் போட்டுவிட்டுக் கழுத்துப் பக்கத்து அடி முடியில் ஆரம்பியுங்கள். ஒரு அங்குல அகலத்துக்கு மேல் எடுக்காதீர்கள். நிறைய எடுத்தால் உள்ளே இருக்கிற முடிக்குச் சூடே போகாது, திரும்பத் திரும்ப இழுக்கத் தோன்றும். தலைத்தோலிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்து, நிறுத்தாமல் ஒரே சீராக நுனி வரை கொண்டுவாருங்கள். நடுவில் நின்றால் அங்கே மடிப்பு விழும், சூடும் அங்கேயே இறங்கும். ஒரு இழுப்பு. மிஞ்சிப் போனால் இரண்டு. ஆறுவதற்குள் காதுக்குப் பின்னால் ஒதுக்கவோ பேண்ட் போடவோ வேண்டாம்.

அம்மா: காது, கழுத்து சுட்டுவிட்டால்? நாங்கள் டூத்பேஸ்ட்தான் தடவுவோம்.

பாளை அக்கா: பேஸ்ட், மை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம் சித்தி. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், ஐஸ் கட்டி வைக்கக்கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். மிஷினை நீங்கள்தான் பிடிக்க வேண்டும், பாப்பா கையில் கொடுக்காதீர்கள்.

தூத்துக்குடி மாமா: அணைத்த பிறகும் நேரம் கழித்துத்தான் ஆறும். மெத்தை மேல் வைக்காதே. சூட்டோடு வயரை அதைச் சுற்றி இறுக்கி வைப்பார்கள், கைப்பிடியில் வயர் நுழைகிற இடத்தில் உள்கம்பி அறுந்துவிடும். எங்களிடம் வருவதில் நிறைய அதுதான். பாத்ரூமில் வைத்துச் செய்யவே கூடாது.

நான்: அக்கா, நான் கலர் பண்ணிய முடி. ஹாஸ்டலில் தோழியுடையது இருக்கிறது, வாரம் ஒரு தடவை செய்யலாமா?

பாளை அக்கா: வேண்டாம்டி. கலர் பண்ணிய முடியில் மேல் செதில் ஏற்கெனவே திறந்து கிடக்கும். விசேஷத்துக்கு மட்டும், 150-ஐத் தாண்டாமல் செய். நுனியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, சீப்பில் துண்டு துண்டாக முடி வந்தாலோ மிஷினை எடுக்கவே எடுக்காதே. உன்னுடையது ஆச்சியின் சுருட்டை. நம் வீட்டில் வேறு யாருக்கும் வரவில்லை, எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? வாரா வாரம் அதைச் சுட்டுத் தீர்த்துவிடாதே.

ஆச்சி (மாமா போனிலிருந்து): கேட்டுக்கோ பிள்ளே.

புதன்கிழமை

சென்னைச் சித்தி: வந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன். தகடு நடுவில் வெளிச்சம் தெரியவில்லை அண்ணே.

தூத்துக்குடி மாமா: முத்திரை இருக்கிறது, நல்லது. படத்தில் தெரிகிற அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், பின் ஆடுகிறது பார். நேராகச் சுவர் பிளக்கில் சொருகு.

பாளை அக்கா: ஞாயிற்றுக்கிழமை தலை குளித்துக் காய்ந்த பிறகு கழுத்துப் பக்கம் ஒரே ஒரு கற்றையில் 150 வைத்துச் செய்து பாருங்கள் சித்தி. படியவில்லையென்றால் 160. அதற்கு மேல் ஏற்றுவதற்கு முன்னால் எனக்கு வீடியோ கால் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

சென்னைச் சித்தி: 150-இல் லேசாக நெளிவு மிச்சம் இருந்தது. 160-இல் ஒரே இழுப்பில் நேராகிவிட்டது. புகையும் இல்லை, சத்தமும் இல்லை.

பாளை அக்கா: அப்போது 160-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். விழா முடிந்து வந்ததும் தலையை அலசிவிட்டு நுனிக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி விடுங்கள்.