தார் ராக்ஸா, ஜிம்னியா? – முடிவெடுத்தாகிவிட்டது (புதுப்பிப்பு)

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குப் போகும் மண்பாதைக்கு ஒரு ஜீப் வண்டி தேவைப்பட்டது; மஹிந்திராவின் தார் ராக்ஸ் வாங்கலாமா, மாருதியின் ஜிம்னி வாங்கலாமா, அதில் எந்த வகை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். ஜிம்னியில் விலை குறைந்த வகையான ஜீட்டா, மேனுவல் கியர் வாங்கிவிட்டேன்.

ராக்ஸின் டீசல் இழுவைக்கு இது ஈடாகாது. முழுச் சுமையோடு மலையேறினால் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ராக்ஸின் அகலம் 1,870 மி.மீ., ஜிம்னி 1,645. எங்கள் பாதையின் இருபுறமும் கல் கட்டு. அதற்கு மேல் பேச்சே இல்லை.

ஜிம்னியின் உயர் வகையான ஆல்ஃபாதான் எடுக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்தினீர்கள். நான்கு சக்கர இயக்கம், லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவையோடு ஓட்டும் கியர்), 6 ஏர்பேக், 210 மி.மீ. தரை இடைவெளி எல்லாம் இரண்டு வகையிலும் ஒன்றுதான். ஆல்ஃபாவில் கூடுதலாக வருபவை 9 அங்குலத் திரை, அலாய் சக்கரம், எல்இடி முகப்பு விளக்கு, குரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே ஒரே வேகத்தில் ஓட்டும் வசதி) போன்றவை. கொண்டை ஊசி வளைவில் குரூஸ் கண்ட்ரோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஜீட்டாவின் இரும்புச் சக்கரம் நெளிந்தால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். அந்த எல்இடி முகப்பு விளக்கு இல்லாததுதான் மழை இரவுகளில் உறுத்துகிறது.

சென்ற மழையில் தோட்ட வாசல் முழுக்கச் சேறு. வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, லோ ரேஞ்சுக்கு மாற்றினேன். ஒரு முன்சக்கரம் வெறுமனே சுழன்றது. பிரேக் தானாகவே கடகடவென்று அதைப் பிடித்ததும் எதிர்ச்சக்கரம் மண்ணைக் கவ்வி ஏறிவிட்டது.

பின்னிருக்கையை நிமிர்த்தி வைத்தால் சாமானுக்கு 208 லிட்டர் இடம்தான். மூட்டை ஏற்ற மேல்கூரைக் கேரியர் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.